அதே கத்தியில் சின்னது

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்து முன்னறையில் கிடத்தினார்கள். முதலில் பாயில் கிடத்திப் பார்த்தார்கள். பாய் முழுவதும் வெறுமையாகத் தெரிந்தது. பிறகு ஒரு தலையணையைக் கொண்டு வந்து அதன் மேல் கிடத்தினார்கள். தலையணையிலும் இடம் மிச்சமிருந்தது.

என் மகள் ஷிபானாவின் முதல் பிள்ளை அவன். பிறந்து நாற்பது நாள் கழியவில்லை. இருதயத்தில் பிறவியிலேயே கோளாறு என்றார் டொக்டர்.

காலை வெயில் ஜன்னலால் வந்து சுவரில் விழுந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்கு இன்னும் செய்தி போகவில்லை போலும்.

எங்கள் குடும்பத்தில் எந்த மவுத்து நடந்தாலும் முதல் காரியங்களைச் செய்பவள் என் ராத்தா. எனக்கு மூத்தவள். பிள்ளையின் கண்களை மூடிவிட்டாள். நாடியைத் தூக்கி ஒரு துண்டுத் துணியால் கட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டினாள்.

"கத்தியத் தாங்க தம்பி. வயித்துல இரும்பு வைக்கணும்."

மையித்தின் வயிறு ஊதாமல் இருப்பதற்காக அதன் மேல் பாரமான ஒரு பொருளை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அநேகமாக இரும்பு. சில வீடுகளில் சாவிக் கொத்தை, எங்கள் பேச்சில் திறப்புக் கோர்வையை, வைப்பார்கள், சில வீடுகளில் பாக்குவெட்டி. எங்கள் குடும்பத்தில் என்னுடைய மடக்குக் கத்தி. அது எந்த நேரமும் என் இடுப்பு வாரில் இருப்பதால், தேடிப் போக வேண்டியதில்லை என்று தொடங்கிய பழக்கம் அது.

எடுத்துக் கொடுத்தேன். ராத்தா பிஸ்மி சொல்லி வைத்தாள். மடித்த கத்தி நெஞ்சுக் குழியிலிருந்து தொடை வரைக்கும் கிடந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. குறுக்காக வைத்தாள். இரண்டு முனையும் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்று, மறுபடியும் சரிந்தது. திரும்ப வைத்து, விழாமல் கையால் பிடித்துக்கொண்டாள்.

சுவரோடு சாய்ந்திருந்த மகள் அதுவரை அழவுமில்லை, கதைக்கவுமில்லை.

"வாப்பா, அத எடுங்க. புள்ளைக்குப் பாரம்."

எடுத்தேன். ராத்தா அலுமாரித் திறப்பைக் கழற்றி, அதை வைத்தாள்.

அன்றிலிருந்து ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருந்தேன். அதே கத்தி, அதே மரப்பிடி, அதே வளையம், ஆனால் சின்னது. வாய்க்கால் சண்டைகளைப் பற்றிப் போன வாரம் இங்கே எழுதியபோது இடுப்புக் கத்தி என்று ஒரு வரி வந்தது. அதைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லி இரண்டொருவர் கேட்டார்கள். அவர்கள் கேட்டது வேறு கதையாக இருக்கும். என்னிடம் இருப்பது இதுதான்.

கட்டிலுக்குக் கீழே

என் மனைவியின் தம்பி அறுகம்பேயில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் செய்தான். சண்டைக் காலத்திலும் அலை தேடி வருகிற வெள்ளைக்காரர் ஓரிருவர் இருந்தார்கள். அப்படி வந்த ஒருவன், பருவம் முடிந்து புறப்படும்போது, அலைப்பலகையைத் தூக்கிக்கொண்டு போனான். பாதி தீர்ந்த சவர்க்காரத்தையும் விடாமல் எடுத்துக்கொண்டு போனான். கத்தியைக் கட்டிலுக்குக் கீழே மறந்துவிட்டான்.

மச்சான் நேர்மையானவன். அடுத்த பருவத்துக்கு வருவான் என்று எடுத்து வைத்தான். அதற்கடுத்த பருவமும் பார்த்தான். ஆள் வரவில்லை. "மச்சான், இது என்னட்டக் கிடந்து துரு புடிக்கிது, நீங்க வயலுக்குப் போற ஆள், வச்சிக்கங்க" என்று என்னிடம் தந்தான்.

நான் அப்போது வட்டவிதானையாக இருந்தேன். நிந்தவூருக்கு மேற்கே உள்ள வயல் வட்டையில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுகிற வேலை. கையில் மண்வெட்டி, இடுப்பில் கத்தி, வாயில் ஏச்சு, இந்த மூன்றும் இல்லாமல் அந்த வேலை நடக்காது.

உரப்பையின் வாயைப் பிரிப்பதும், கயிறு அறுப்பதும், காலில் ஏறிய முள்ளைக் கிண்டி எடுப்பதும், வரம்பில் குந்தியிருந்து மாங்காய் சீவுவதும் அந்தக் கத்தியால்தான். பிடி வழவழப்பான மரம், காய்ந்த நெல்லின் நிறம். கழுத்தில் ஓர் இரும்பு வளையம். அதைத் திருப்பினால் அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும். அலகின் அடியில் பன்னிரண்டு என்று இலக்கம் பொறித்திருக்கும்.

அந்தப் பன்னிரண்டு என்ன என்பதில் எங்கள் வயல் வாடியில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. செய்த மாதம் என்றார் ஒருவர். வெள்ளைக்காரனின் வீட்டு இலக்கம் என்றார் இன்னொருவர். மச்சான்தான் சொன்னான், அது அளவு என்று. அப்படியென்றால் பதினொன்று ஒன்று இருக்க வேண்டும், பத்து இருக்க வேண்டும், இன்னும் கீழே இறங்கிப் போனால் உள்ளங்கைக்குள் அடங்குகிறதும் ஒன்று இருக்க வேண்டும். அந்த எண்ணம் பல வருஷமாக என் தலைக்குள் சும்மா கிடந்தது. அதற்கு ஒரு தேவை வரும் என்று நான் நினைக்கவில்லை.

சக்களத்தி

என் மனைவி பல்கீஸ் அந்தக் கத்திக்குச் சக்களத்தி என்று பேர் வைத்திருந்தாள்.

"சக்களத்தியக் கழட்டி வச்சிட்டுச் சாப்பிட வாறீங்களா, இல்லாட்டி அவவுக்கும் ஒரு பீங்கான் போடட்டா?"

இப்படித்தான் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாள். நான் முறைப்பேன். அவள் சிரிப்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே பகிடி, ஆனால் அவளுக்குச் சலிக்கவில்லை.

எங்கள் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை நடந்த ஒரு காலம் வந்தது. ஈஸ்டர் அன்று குண்டுகள் வெடித்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு. இறைச்சி வெட்டுகிற கத்தி இருந்தாலும் கேள்வி, தேங்காய் உடைக்கிற கத்தி இருந்தாலும் கேள்வி என்று ஒரு பயம் பரவியது. சனங்கள் குசினிக் கத்தியைக்கூடக் கொண்டு போய்க் களியோடை ஆற்றில் எறிந்தார்கள். அந்தக் கிழமை எங்கள் தெருவில் பல வீடுகளில் வெங்காயத்தைக் கையால் பிய்த்துத்தான் கறி வைத்தார்கள்.

நானும் எறியத்தான் நினைத்தேன். பல்கீஸ் வாங்கிக்கொண்டாள். பழைய சாரன் துண்டில் சுற்றி, அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்குக் கீழே, சாம்பலுக்குள் புதைத்து வைத்தாள். சோதனைக்கு வந்தவர்களில் ஒருவர் கூட்டுக்குள்ளும் கையை விட்டார். கோழி விட்ட கொத்தில் கையை எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"சக்களத்தியக் காப்பாத்தின பொம்பிள இந்த ஒலகத்துலயே நான் ஒராள்தான்" என்றாள் அவள்.

அவளைச் சீனி வருத்தம் கொண்டு போனது. முதலில் கால் விரல், பிறகு கண், பிறகு சிறுநீரகம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒரு வருஷம் அலைந்தோம். அவள் மவுத்தான அன்று ராத்தா கையை நீட்டினாள், நான் எடுத்துக் கொடுத்தேன். பல்கீஸின் வயிற்றில் அது சரியாமல் கிடந்தது. அவளுக்குப் பேச்சு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கடைசியில சக்களத்தியத் தூக்கி எனக்கு மேல வச்சிட்டீங்களே என்றிருப்பாள். அந்த நினைப்பில் சிரிப்பு வந்தது. மையித்து வீட்டில் சிரிக்க முடியாமல் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன்.

தலைமாட்டில்

மவுத்துக்கு மட்டுமல்ல, பிறப்புக்கும் எங்களிடம் இரும்பு உண்டு. பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாளும் பிள்ளையின் தலையணைக்குக் கீழே ஓர் இரும்புத் துண்டு இருக்கும். கண்ணூறு, காற்றுக் கறுப்பு அண்டாது என்று சொல்வார்கள். ஷிபானா பிறந்தபோது அவளுடைய தலைமாட்டில் இருந்ததும் இதே கத்திதான். ஒரே கத்தி, தலைமாட்டுக்கும் அதுதான், வயிற்றுக்கும் அதுதான். அப்போது அதில் யாருக்கும் குறை தெரியவில்லை.

மருமகன் நௌபருக்குத் தெரிந்தது. கல்முனையில் கைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கிறார். மார்க்கம் படித்தவர், தாடியும் கறாரும் உள்ளவர். எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு நாங்கள் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கியவர்கள். பல்கீஸ் போன பிறகு அங்கே நானும், விதவையாகிவிட்ட ராத்தாவும்தான்; மகளுக்கும் மருமகனுக்கும் அவள் மாமி. எனவே முன்வீட்டில் நடப்பது மருமகனின் ஆட்சி. பேரன் பிறந்து வந்த அன்று ராத்தா தலையணைக்குக் கீழே கத்தியை வைத்தாள். மறுநாள் நௌபர் அதை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

"மாமா, மையித்துல பாரம் வைக்கிறதுக்குக் கிதாபுல இரிக்கிண்டு செல்றாங்க, சரி. தலமாட்டுல வைக்கிறதுக்கு ஒண்டுமில்ல. புள்ளையப் பாதுகாக்கிறது அல்லாஹ். கத்தியில்ல."

பிழையாக என்ன சொன்னார்? ஒன்றுமில்லை. நான் கத்தியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். ராத்தா மட்டும் நாள் முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை மவுத்தானபோது அந்த முணுமுணுப்பு வாய்க்கு வந்துவிட்டது. குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளும் இடத்தில், நாலு பெண்களுக்கு முன்னால், "தலமாட்டுல இருந்த இரும்ப எடுத்து அலுமாரிக்கு மேல வச்சா இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டாள்.

"ராத்தா, வாயப் பொத்துங்க!" என்று நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் அடுத்த தெருவுக்கும் கேட்கும். அன்றும் கேட்டிருக்கும். ஆனால் சொன்னது சொன்னதுதானே. நௌபர் காதிலும் விழுந்தது, உள்ளே சுவரோடு சாய்ந்திருந்த மகளின் காதிலும் விழுந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். பெரியவர்களைத் தூக்குகிற சந்தூக்கு இதற்குத் தேவைப்படவில்லை. நௌபர் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மையவாடி வரைக்கும் நடந்தார். வழியில் இரண்டு மூன்று பேர் வாங்கிக்கொள்ள வந்தார்கள், கொடுக்கவில்லை. கபன் துணியில் வெட்டியது போக மிச்சம் நிறைய இருந்தது. குழி வெட்டியவர், தன் மண்வெட்டி அகலமாக இருந்ததால் குழியும் அகலமாகிவிட்டது என்று மனம் வருந்தி, பக்கங்களில் மணலைக் கையால் அணைத்துக் கொடுத்தார். சாவுக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் பெரியவர்களின் அளவில்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அன்று எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் பட்டது.

சொர்க்கத்துக்குப் போன பிள்ளை, பெற்றோருக்காகக் காத்திருக்கும் என்று வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். நம்புகிறேன். ஆனால் அந்தக் கிழமை அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மகள் கேட்டது

ஷிபானா மீண்டும் உண்டானாள். சந்தோஷமான செய்திதான். வீட்டில் யாரும் சந்தோஷப்படத் துணியவில்லை. டொக்டர் எல்லாம் நல்லாயிருக்கிறது என்றார். அவர் சொல்வதை மகள் தலையாட்டிக் கேட்பாள், வீட்டுக்கு வந்து நித்திரை கொள்ள மாட்டாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போனாள்.

ஒருநாள் நான் முன்வீட்டுக்குள் கால் வைத்தபோது என் இடுப்பைப் பார்த்தாள்.

"வாப்பா, அந்தக் கத்தி இனி இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடா."

அன்று முதல் முன்வீட்டுக்குப் போகும்போது கத்தியைக் கழற்றி வெளியே தண்ணீர்த் தாங்கியின் கட்டின் மேல் வைத்துவிட்டுத்தான் போவேன். அது இல்லாமல் இடுப்பு ஒரு மாதிரியாக இருக்கும். பல்கீஸ் இருந்திருந்தால், சக்களத்தியக் கடைசியா வாசலோட நிப்பாட்டினது எண்ட மகள்தான் என்று சொல்லியிருப்பாள்.

சில நாள் கழித்து மகளே கூப்பிட்டாள்.

"தலமாட்டுல இரும்பு இல்லாம என்னால புள்ளையக் கிடத்தேலா வாப்பா. மாமி சென்னது காதுக்குள்ளயே நிக்கிது. அவர் வேணாம் எண்டா நான் ஒளிச்சி வைப்பன். சின்னதொண்டு எடுத்துத் தாங்க. அதப் போலயே. ஆனா மையித்துல வைக்காத ஒண்டு."

"ஏன் மகள் அதப் போலயே? ஒரு ஆணி வச்சாலும் இரும்புதானே."

"எண்ட தலமாட்டுல அதானே இருந்த. நான் உசிரோடதானே இரிக்கன்."

மருமகனின் பேச்சில் ஞாயம் இருக்கிறது, மகளின் பேச்சில் பயம் இருக்கிறது. நித்திரையில்லாமல் ஒரு பிள்ளைத்தாய்ச்சி எத்தனை நாள் தாங்குவாள்? இந்தப் பிரசவத்தை அவள் உடம்பு தாங்க வேண்டும் என்பதுதான் என் கவலையாக இருந்தது. நான் தேடியதும் அவள் கேட்டதும் ஒரே கத்தி. ஆனால் நான் எதற்காகத் தேடத் தொடங்கினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. பிள்ளையின் வயிற்றிலிருந்து சரியாத அளவில் ஒரு கத்தி என்பதுதான் அந்த மவுத்து நாளில் என் மனதில் விழுந்தது.

"சின்னப் பிள்ளைக்கா?"

கல்முனை பஸாரில் எனக்குத் தெரியாத இரும்புக் கடை இல்லை. கத்தியை எடுத்துக் காட்டுவேன். இதில் சின்னது வேண்டும் என்பேன். பிளாஸ்டிக் பிடி போட்ட பழக் கத்தி காட்டுவார்கள், திறப்பு வளையத்தில் தொங்குகிற சீனத்துக் கத்தி காட்டுவார்கள். ஒரு கடைக்காரர், அவருக்கு என்னைத் தெரியும், கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஹாஜியார், கத்தி குட்டி போடுறத்த நாங்க இன்னம் காணல்ல. போட்டா ஒங்களுக்குத்தான் மொதல்ல செல்லுவம்."

வேறு நாளாக இருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று கத்தியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்கரைப்பற்றில் தேடினேன். அறுகம்பேயிலிருந்து மச்சான், இந்தப் பருவத்தில் வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டதாகச் சொன்னான். பாவம், அவனுக்கும் வயதாகிவிட்டது. ஒரு பெண் பிள்ளை கத்தியின் படத்தைப் பார்த்து, என் அப்பாவிடம் இது இருந்தது என்று சொன்னாளாம், அவ்வளவுதான்.

அம்பாறை நகரத்துக்கும் போனேன். அங்கே ஒரு கடையில் நடுத்தர வயதுச் சிங்களப் பெண். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். அவளுக்கு ஓரளவு தமிழ் தெரிந்தது. உள்ளே போய், மரப்பிடி போட்ட ஒரு சின்னக் கத்தியைத் தேடி எடுத்து வந்தாள். அதே இனமில்லை, ஆனால் நான் பார்த்தவற்றில் கிட்ட வந்தது அதுதான்.

"யாருக்கு ஐயா?"

"பேரப்புள்ளைக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சின்னப் பிள்ளைக்கா? சின்னப் பிள்ளைக்குக் கத்தி குடுக்க வேணாம் ஐயா. சரியில்ல."

அவளுடைய முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. ஓம், சரிதான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் வரும் வரைக்கும் ஒரு மரத்தடியில் குந்தியிருந்தேன். அதற்குப் பிறகு எந்தக் கடைக்கும் போகவில்லை.

மருமகன்

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வந்து பின்வளவில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நௌபர் வந்து நின்றார். பின்வீட்டுப் பக்கம் அவர் வருவது குறைவு. கையில் ஒரு சின்னப் பெட்டி.

"மாமா, இத நீங்க எடுத்துக் குடுத்ததெண்டு அவக்கிட்டக் குடுங்க."

திறந்தேன். அதே கத்தி. அதே நெல் நிறப் பிடி, கழுத்தில் அதே வளையம். அலகின் அடியில் ஆறு என்று பொறித்திருந்தது.

நான் தண்ணீர்த் தாங்கியின் கட்டின் மேல் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருந்த ஒரு நாளில் அதைப் படம் எடுத்திருக்கிறார். கைபேசியில் தேடி, வெளிநாட்டிலிருந்து கொழும்பில் உள்ள கூட்டாளியின் விலாசத்துக்கு எடுப்பித்து, அங்கிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறது. நான் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். சொந்த வளவுக்குள் இருக்கிற ஆளிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"மகன், நீங்க இதெல்லாம் கூடா எண்டவர்தானே?"

"இப்பவும் அதத்தான் செல்றன். எனக்கு இதுல நம்பிக்கையில்ல மாமா." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ நித்திர கொள்றல்ல. நான் எடுத்துக் குடுத்தா, மாமி சென்னத்த நானும் நம்புறன் எண்டு நெனைப்பா. புள்ள மவுத்தானது என்னாலதான் எண்டு நெனைப்பா. அதான்."

குரல் உடைந்தது. நான் பார்க்காத மாதிரிக் குழாயை அடுத்த பாத்திக்கு இழுத்தேன். அவர் போய்விட்டார். ஒன்றரை வருஷமாக அந்த மனிதனும் ராத்தாவின் அதே வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் திரிந்திருக்கிறார்.

கத்தியை மடித்து உள்ளங்கையில் வைத்தேன். உள்ளங்கைக்குள் முழுதாக அடங்கியது. அதைப் பார்த்த உடனே என் கண் அளவெடுத்தது, நான் தடுக்கத் தடுக்க எடுத்தது. அந்தத் தலையணை, அந்த வயிறு. சரியாக இருந்திருக்கும். சரிந்திருக்காது.

பெட்டியோடு கொண்டு போய்ப் பாத்திக்குள் புதைத்துவிடலாமா என்று இருந்தது. எங்கள் வீட்டில் இரும்பு எங்கே தொடங்கி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? தலைமாட்டுக்கு என்று ஒன்றை வாங்குகிறோம், அது வீட்டில் கிடக்கும், ஒருநாள் யாராவது கையை நீட்டுவார்கள். சின்னது ஒன்று தயாராக இருக்கிறது என்பதே எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு மூன்று நாள் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். மகளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள் என்று ராத்தா வந்து சொன்ன பிறகுதான் எழும்பிப் போனேன்.

பாரம்

பகல் நேரம். பெரிய கத்தியைத் தாங்கியின் கட்டின் மேல் கழற்றி வைத்தேன். மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், விழித்தபடி. பெட்டியை நீட்டினேன்.

எழும்பாமலே மல்லாந்து படுத்துக்கொண்டு திறந்தாள். வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். அலகை விரித்தாள், மடித்தாள். பிடியை மூக்கடியில் வைத்து மணந்து பார்த்தாள்.

"எங்க எடுத்த வாப்பா?"

"எடுத்தன். ஒனக்கென்ன?"

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். மடித்த கத்தியைத் தன் வயிற்றின் மேல், நடுவில், மெதுவாக வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

நான் சத்தம் போட்டேன்.

"எடு மகள். அத எடு. வயித்துல வைக்கிற சாமானா அது? எடு!"

அவள் எடுக்கவில்லை. நான் கையை நீட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கிட்டப் போனேன். அதற்குள் உள்ளேயிருந்த பிள்ளை ஓர் உதை விட்டது. சட்டைத் துணி எழும்பி அடங்கியது. கத்தி ஒரு பக்கமாகச் சரிந்து கட்டிலில் விழுந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பாரமில்ல வாப்பா" என்றாள்.

கத்தியை எடுத்துத் தலையணைக்குக் கீழே அவளே வைத்து, அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்றேன். மூச்சு ஒரு சீராக வரத் தொடங்கியது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

பெரிய கத்தி வெயிலில் கிடந்து சூடேறியிருந்தது. எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். ராத்தா முருங்கை மரத்தடியில் பலகையில் குந்தியிருந்து மீன் உரஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நித்திர கொள்றாளா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளிய இடத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன நாளிலிருந்து அவளும் நல்ல நித்திரை கொண்டதில்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் அதைக் கதைத்ததில்லை.

பக்கத்தில் குந்தினேன்.

"ராத்தா, இந்தப் பெரிய கத்தி அடுத்தது எனக்குத்தான். செல்லிட்டன். நடுவுல ஒருத்தருக்கும் எடுத்திரக்கூடா."

மீனை உரஞ்சுவதை நிறுத்தினாள்.

"ஒங்களுக்கு எப்பிடி? நான் மூத்தவ. மொதல்ல எனக்கு. பொறகுதான் ஒங்களுக்கு."

"சரி, மொதல்ல ஒங்களுக்கு."

"மொற எண்டு ஒண்டு இரிக்கித்தானே."

"நானும் அதத்தான் செல்றன். மொற மாறக்கூடா."

இருவரும் வயதானவர்கள், வரிசையில் இடம் பிடிக்கிற மாதிரிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவள் மறுபடியும் மீனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அதை அப்படியே வைத்துக்கொண்டு முன்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"தம்பி, எத்தன மையித்துக்கு இந்தக் கைய நீட்டிருப்பன்" என்றாள். "அந்தச் சின்னக் கத்திக்கு நான் நீட்ட மாட்டன்."

கையைத் தூக்கிக் காட்டினாள். செதில் ஒட்டியிருந்தது.

இதை எழுதுகிற இன்றைக்கும் பிள்ளை பிறக்கவில்லை. டொக்டர் இந்தக் கிழமைக்குள் என்கிறார். பெரிய கத்தி என் இடுப்பில் இருக்கிறது, சின்னது மகளின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இரண்டும் இப்போதைக்கு அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன.